இலையில்லாமல் ஆறு மாதம்

படூரில் அடுக்குமாடி கட்டப்போகிற மனையில் ஐம்பத்தொரு மரங்கள் நின்றன. முதல் கட்டமாகப் பதினான்கைப் பெயர்த்து, லாரியில் ஏற்றி, திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டோம். பதினொரு வேம்பு, இரண்டு பூவரசு, ஓர் ஆல். நட்டோம் என்று சொல்கிறேனே தவிர, நட்டது ஒரு கிரேன், ஒரு ஜேசிபி, எட்டு ஆட்கள். நான் தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்தேன். மரங்களை இடம் மாற்றித் தருகிற கம்பெனி எங்களுடையது. அதில் நான் தாவரவியலாளர். அந்தப் படிப்பு படித்தவள் கம்பெனியில் நான் ஒருத்திதான்.

மீதி முப்பத்தேழு மரங்களைத் தொட, மாவட்டத்தில் இதற்கென்று இருந்த குழு ஒரு நிபந்தனை வைத்தது. நட்ட பதினான்கில் பத்து மரமாவது பிழைக்க வேண்டும். பிழைத்ததா என்று தொண்ணூறாவது நாளில் ஓர் அறிக்கை, ஆறாவது மாதத்தில் ஒரு படிவம். இரண்டிலும் தாவரவியலாளர் கையெழுத்து. ஆறு மாதப் படிவம் ஒழுங்காகப் போனால் என் வேலை நிரந்தரம் என்று மேலாளர் திருநாவுக்கரசு சொல்லியிருந்தார். போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"மரம் உசுரோட கீதா, செத்துப்பூச்சானு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?"

"ஆமா."

"அதுக்கு இன்னாத்துக்கு அஞ்சு வருசம் காலேஜி? நான் பாத்துச் சொல்ல மாட்டனா?"

"நீ சொன்னா குழு ஒத்துக்காதுமா."

"ஏன், காசியம்மா பொய் சொல்வாளா?" என்று தன் பெயரையே சொல்லிக்கொண்டு சல்லடையைத் தட்டினாள்.

அப்பா ஏசுதாஸ் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. எங்கள் வீட்டில் அதுவரை போட்ட கையெழுத்தெல்லாம் எதையாவது வாங்கிக்கொண்டதற்குப் போட்டது. ரேஷன், கூலி, எனக்கு வந்த உதவித்தொகை. நாங்கள் போடுகிற கையெழுத்துக்காக இன்னொருவர் காத்திருப்பது அதுதான் முதல் முறை. அப்பா அதைக் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இடம் மாறின மரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். லாரியில் போக வேண்டுமானால் கிளைகளை வெட்டியாக வேண்டும், வழியெல்லாம் மின்கம்பி. வேரிலும் ஓர் உருண்டை அளவுதான் கூட வரும், மிச்சம் பழைய மண்ணிலேயே அறுந்து கிடக்கும். கடைசியில் நட்டு நிறுத்துவது பத்தடி உயர மொட்டைக் கட்டை. வெட்டின இடத்தில் சாணியும் களிமண்ணும் அப்பி, உடம்பைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவோம். ஓர் இலை இருக்காது.

இலை இல்லாமல் மரம் இருக்குமா என்றால், இருக்கும். இலை இருந்த நாளில் வெயிலில் சமைத்ததில் மிச்சத்தை மாவாக்கி வேரிலும் கட்டையிலும் அடுக்கி வைத்திருக்கும். இல்லாத நாளில் அதை எடுத்துத் தின்னும். புதுத் துளிர் விடுவதும் அந்த மாவை எடுத்துத்தான். துளிர் விரிந்து, முற்றி, தானே சமைக்க ஆரம்பிக்கிற வரைக்கும் அந்தத் துளிரும் தின்கிற கணக்குதான். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மே மாத நடுவில் நட்டோம். அந்த வெயிலில் எவனும் மரத்தைப் பெயர்க்க மாட்டான். அஸ்திவார வேலை அவசரம் என்றார்கள். ஜூன் கடைசியில் வேம்பு பதினொன்றும் துளிர்த்தன. வெட்டுவாயைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கொத்துக் கொத்தாக வந்தது. போட்டோ எடுத்து கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முப்பது கட்டைவிரல் வந்தது.

ஆடி முதல் வெள்ளி காலை நான் ஏரிக்கரைக்குப் போனபோது பத்துப் பன்னிரண்டு பெண்கள் துரட்டியும் பையுமாக மரங்களுக்கு அடியில் நின்றார்கள். பக்கத்துக் காலனியில் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். தோரணத்துக்கும் கரகத்துக்கும் வேப்பிலை வேண்டும். ஊரில் வேறு வேம்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதெல்லாம் உயரம். இது கைக்கு எட்டுகிற உயரத்தில், இளந்துளிராக, வரிசையாக நின்றது.

துரட்டி வைத்திருந்தவள் செங்கம்மாள். பெயர் பிறகுதான் தெரியும். ஐம்பது வயது இருக்கும்.

"இன்னாமே, பாத்துக்கினே கீற? கம்பெனியா நீ?"

"ஆமா. தொடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கமே."

"அது இங்கிலீசுல கீது. எங்காத்தாளுக்கு இங்கிலீசு தெரியாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். போர்டு நிஜமாகவே ஆங்கிலத்தில்தான் இருந்தது. குழுவில் இருக்கிறவர்கள் வந்து பார்ப்பதற்காக வைத்த போர்டு அது.

"உன் பேரு இன்னா?"

"ஜெபா."

"அல்லேலூயாவா. அதான் மொகரை அப்படிக் கீது. பயப்படாதமே, ஆத்தா உன்ன ஒண்ணும் பண்ண மாட்டா."

மறுபடி சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை.

எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. அக்கா, இதுக்கு வேற கையிருப்பு இல்ல, இந்த இலையைப் பிடுங்கினா அடிவயித்துலேர்ந்து எடுத்துத்தான் இன்னொண்ணு விடணும் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் சர்ச்சுக்குப் போகிறவள் மாரியம்மனுக்கு வேப்பிலை தரமாட்டேன் என்றாள் என்று சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்குப் போய்விடும். எங்கள் காலனியிலும் பாதி வீடு கோயில், பாதி வீடு சர்ச். சில வீட்டில் இரண்டும். சர்ச்சுக்குப் போகிற என் அம்மாவே ஆடிக்குச் சொம்பு எடுத்துக்கொண்டு போய்க் கூழ் வாங்கிக் குடிப்பாள். ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்கிற பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்த வருடங்களில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வழக்கத்தில் வளர்ந்தவள் நான். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வாய் இல்லை என்று அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

பெண்கள் போன பிறகு பதினொரு வேம்பும் நட்ட அன்றைக்கு இருந்தது போலவே மொட்டையாக நின்றன.

மூன்றே வாரத்தில் மறுபடி துளிர்த்தன. முதல் தடவையைவிடக் கொஞ்சம் மெலிவு. ஆனால் பதினொன்றும் துளிர்த்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில், மெலிவு என்பதை நான் எழுதவில்லை. தொண்ணூறாம் நாள் அறிக்கையில் ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: "இலைகள் முழுவதும் பறிக்கப்பட்ட பின்பும் வேம்புகள் மீண்டும் தளிர்த்துள்ளன. இது அவற்றின் வலிமையைக் காட்டுகிறது. பதினான்கு மரங்களும் நன்கு ஊன்றிவிட்டன." கீழே கையெழுத்து.

அறிக்கையை வைத்துக் குழு மீதி முப்பத்தேழு மரங்களுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தது. ஆறு மாதப் படிவம் வந்ததும் எடுக்கலாம். படிவத்தில் எழுதவே ஒன்றும் இல்லை. மரத்துக்கு எதிரே இரண்டு கட்டம்: உயிருடன், பட்டுவிட்டது. டிக் அடித்தால் போதும்.

ஆவணியில் அடுத்த ஊரில் கூழ் ஊற்றினார்கள். அவர்களும் துரட்டியோடு வந்துபோனார்கள். அதற்குப் பிறகு அங்கங்கே வந்த ஒன்றிரண்டு துளிரை ஆடு தின்றது. ஐப்பசி மழை வந்து ஏரி நிரம்பியது. வேடந்தாங்கலுக்குப் போகிற பறவைகளில் பாதி இங்கேயே இறங்கிவிட்டன. கரையில் புல், கோரை, எருக்கு எல்லாம் இடுப்பளவுக்கு வந்தது. பூவரசு இரண்டும் குடை பிடித்த மாதிரி நின்றன. ஆலுக்குப் புது விழுதே தொடங்கியிருந்தது. வேம்பு பதினொன்றிலும் ஒரு துளிர் இல்லை.

படிவத்துக்குப் பத்து நாள் முன்னால் திருநாவுக்கரசு காரில் வந்து இறங்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் என்னை நிற்கவைத்துவிட்டு அவர் காருக்குள் இருந்ததில்லை, அவரும் நிற்பார். அவரே ஒரு வேம்பின் பட்டையை நகத்தால் சுரண்டினார்.

"பச்சையா இருக்குதானே?"

"இருக்கு சார்."

"அப்போ உயிரோட இருக்கு."

"இன்னைக்கு இருக்கு."

"படிவம் இன்னைக்கு நிலவரத்தைத்தானேம்மா கேக்குது?"

அன்று ராத்திரியே ஒரு செய்தியை எனக்கு அனுப்பினார். ஏதோ ஒரு நாட்டுக் காட்டில் இலையே இல்லாத அடிமரம் ஒன்று பல வருடமாக உயிரோடு இருக்கிறதாம். ஒளிச்சேர்க்கை இல்லாமல் மரம் வாழும், விஞ்ஞானிகள் வியப்பு என்று தலைப்பு. கீழே அவர் ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தார்.

"அந்த அடிமரத்தோட வேரு பக்கத்து மரத்து வேரோட ஒட்டியிருக்கும் சார். பக்கத்து மரம் சமைக்கும், இது தின்னும்" என்று பதில் அனுப்பினேன். "நாம வேரை அறுத்துக் கொண்டாந்து வச்சிருக்கோம். நம்ம மரத்துக்கு யாரு சார் சோறு போடுறது?"

அவர் நீல டிக் மட்டும் கொடுத்தார்.

மறுநாள் செங்கல்பட்டில் நான் படித்த காலேஜுக்குப் போய், ஆய்வகத்தில் வேலை செய்கிற லதா அக்காவிடம் அயோடின் கேட்டேன். மாவுச்சத்து இருக்கிற இடத்தில் அயோடின் பட்டால் கறுக்கும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் செய்து பார்த்ததுதான்.

"வேலைக்குப் போயும் அயோடின் ஓசியா?" என்றாள் லதா அக்கா. "பாட்டிலை எடுக்காத. சொட்டு மருந்து டப்பாவுல ஊத்திக்கினு போ."

முதலில் படூர் மனைக்குப் போனேன். பெயர்க்காத வேம்பு ஒன்றின் பக்க வேரில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு துண்டு அறுத்து, சீவி, டிபன் மூடியில் வைத்துச் சொட்டு விட்டேன். பத்து எண்ணுவதற்குள் மை ஊற்றினது போலக் கறுத்தது. பிறகு பஸ் பிடித்து ஏரிக்கரைக்கு வந்தேன். முதல் வேம்பின் அடியில் மண்ணைத் தோண்டி அதேபோல் ஒரு துண்டு எடுத்தேன். சொட்டு விழுந்தது. டீக்கறை நிறத்தில் அப்படியே நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தேன். டீக்கறைதான்.

நாலாவது மரத்தைத் தோண்டும்போது செங்கம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னாமே நோண்டற? பொதையலா?"

"மரத்துக்கு வவுத்துல ஏதாச்சும் கீதானு பாக்கறேன்." அங்கே வந்தால் எனக்கும் வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"கீதா?"

"இல்ல. எல்லாத்தையும் தின்னு தீத்துடுச்சு. இலை விட்டு விட்டே தீந்துபூச்சு. நீங்க பிடுங்கப் பிடுங்க விட்டுச்சு இல்ல, அதுலதான்."

அவள் டிபன் மூடியைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள்.

"ஆத்தா மரம், கேக்கக் கேக்கக் குடுக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தோம்."

"நானும் அதத்தான் எழுதினேன். இங்கிலீசுல."

"நீ அன்னைக்கு எங்களாண்ட சொல்லவே இல்லியே."

"சொல்லியிருந்தா உட்டிருப்பியா?"

யோசித்துத்தான் சொன்னாள். "உட்டிருக்க மாட்டேன். பாதி பிடுங்கியிருப்பேன்."

பாதி போதும். பாதி இருந்திருந்தால் அந்த ஆவணிக்குள் அது தானே சமைக்க ஆரம்பித்திருக்கும். இதை அவளிடம் சொல்லவில்லை. மிச்ச ஏழு மரத்தையும் தோண்டினேன். எல்லாமே டீக்கறை. அவள் ஆட்டை விட்டுவிட்டு மண்வெட்டி கொண்டுவந்து கூடவே தோண்டினாள்.

அடுத்த நாள் ஆபீசில் போட்டோக்களைத் திருநாவுக்கரசு முன்னால் வரிசையாக வைத்தேன். ஒரு கறுப்பு, பதினொரு பழுப்பு. பொறுமையாகப் பார்த்தார்.

"சரி. இப்போ இதெல்லாம் செத்துடுச்சா?"

"இல்ல சார். இன்னும் ரெண்டு மாசத்துல சாகும்."

"நான் பொய் எழுதச் சொல்லலையே ஜெபா. உயிரோட இருக்கா? இருக்கு. டிக் பண்ணுங்க. செத்துதுன்னு எழுதினாதான் பொய்."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததற்கு அதுதான் காரணம். உயிருடன் என்கிற உண்மைக்கு டிக் அடித்தால் படூரில் முப்பத்தேழு மரமும் இதே போல மொட்டையாகி இதே போலச் சாகும். பட்டுவிட்டது என்கிற பொய்க்கு அடித்தால் நாளைக்கு வேறு ஒருவன் வந்து நகத்தால் சுரண்டி, பச்சை என்று காட்டி, என்னைப் பொய்க்காரி ஆக்குவான்.

"அதுவும் இல்லாம," என்று குரலைத் தணித்தார், "இப்போ நீங்க இப்படி எழுதினா, தொண்ணூறாம் நாள் நீங்க எழுதினது என்ன ஆகும்? நல்லா ஊன்றிடுச்சுன்னு எழுதினது நீங்கதானே. உங்க பேருதான் கெடும். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அதுவரை நான் படிவத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுமதி நின்றது படிவத்தின் மேல் இல்லை, என் அறிக்கையின் மேல். அதை அவரேதான் எனக்கு ஞாபகப்படுத்தினார்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த முப்பத்தேழு மரமும் உன்னுதா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"அப்பறம் இன்னா பேஜாரு உனக்கு? கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாரு."

"கையெழுத்து என்னுதுமா. முன்ன போட்டது."

"அதான் போட்டாச்சே."

"அதத்தான் திருப்பி வாங்கப் போறேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. எழுந்துபோய்க் கை கழுவினார்.

குழுக் கூட்டம் செங்கல்பட்டில். மேசைக்கு அந்தப் பக்கம் தெய்வநாயகி என்கிற அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிக்கிறவர். நானும் திருநாவுக்கரசும் இந்தப் பக்கம். படிவத்தைக் கொடுத்தேன். பதினான்குக்கும் உயிருடன் என்று டிக் அடித்திருந்தேன். திருநாவுக்கரசு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு இரண்டாவது காகிதத்தைக் கொடுத்தேன்.

தெய்வநாயகி இரண்டு தடவை படித்தார்.

"பதினாலும் உயிரோடன்னு இதுல போட்டிருக்கீங்க. இதுல தொண்ணூறாம் நாள் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்னு போட்டிருக்கீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

"ரெண்டும் நிஜம் மேடம். அது இன்னைக்கு நிலவரம். இது என் தப்பு."

"ஒரு மரம் இலை இல்லாம எத்தனை நாள் இருக்கும்?"

"உள்ள வச்சிருக்கறது தீர்ற வரைக்கும். இதுல பதினோரு மரத்துக்குத் தீந்துடுச்சு. பட்டைப் பச்சை இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்."

"தொண்ணூறாம் நாள்ல இது தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும். இலையைப் பறிச்சதை நேர்ல பாத்தேன். மறுபடி விட்டதைப் பலம்னு எழுதினேன். அது பலம் இல்ல, கடைசி இருப்பு கரையறது."

திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார். தெய்வநாயகி அவர் பக்கம் திரும்பவில்லை.

"பறிக்கும்போது ஏன் தடுக்கலை?"

"வேப்பிலை மேடம். ஆடி மாசம். நான் சர்ச்சுக்குப் போறவ."

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். இதற்கு மேல் விளக்கம் அவர் கேட்கவில்லை. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்று நினைக்கிறேன்.

"இதையும் எழுதிக் கொடுங்க."

"எழுதியிருக்கேன். ரெண்டாவது பக்கம்."

பக்கத்தைத் திருப்பினார். தற்காலிக அனுமதி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அங்கேயே குறிப்பு எழுதினார். அடுத்த தடவை மரம் எடுப்பதற்கு முன்னால், நட்ட மரங்களின் வேரில் மாவுச்சத்து பார்த்த முடிவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி. அதை எழுதும்போது என்னிடம் அயோடினுக்கு எழுத்து சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

காரில் திருநாவுக்கரசு என்னை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருந்தால் என்னைக் கூட்டத்துக்கு விட்டிருக்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலை போனதற்கு அதுதான் கடிதம். கேட்டவர்களிடம் அப்பா, பொண்ணு வேறு இடம் பார்க்கிறாள் என்றார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், பாத்திரம் கழுவியபடி, "நீ படிச்சதுக்குப் பதிலா ஊமையா பொறந்திருக்கலாம்" என்று ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. நிதின் என்று ஒரு பையன். என் இடத்தில் சேர்ந்திருக்கிறானாம். குரலில் பரீட்சை எழுதப் போகிறவன் பதற்றம்.

"மேடம், ஒரு சந்தேகம். வேர்ல எவ்ளோ தடிமன் எடுக்கணும்?"

"சுண்டுவிரல். நட்ட ஒவ்வொரு மரத்துலயும் மூணு பக்கம் எடுங்க."

"எவ்ளோ நேரம் பாக்கணும்?"

"ஒரு நிமிஷம் போதும். கறுக்கறதா இருந்தா அதுக்குள்ள கறுத்துடும்."

"கறுக்கலைன்னா என்ன எழுதறது?"

"கறுக்கலைன்னு எழுதுங்க."

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"எழுதினா வேலை போயிடுமா மேடம்?"

"எனக்குப் போச்சு."

"அனுமதி?"

"இன்னும் நிறுத்தித்தான் வச்சிருக்காங்க. அதனாலதான உங்களை எடுத்திருக்காங்க."

சிரித்தானா இருமினானா தெரியவில்லை. பிறகு, அந்த ஏரிக்கரைக்கு எந்த பஸ் என்று கேட்டான். செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறச் சொல்லி, எந்த நிறுத்தம் என்றும் சொன்னேன்.

"இறங்கினதும் நேரா மரத்துகிட்ட போகாதீங்க. முதல்ல காலனிக்குள்ள போய்ப் பேசுங்க. செங்கம்மாள்னு ஒருத்தங்க. மண்வெட்டி அவங்ககிட்டதான் இருக்கு."